மெய்ப்புள்ளி இல்லாத வளைவும் ஒன்பது நாள் செபமும்

போன ஆண்டு ஜனவரியில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் நிறுவியதாக நினைத்திருந்த துணைத்தேற்றம் தவறு என்று அதில் இருந்தது. இதுதான் என் துன்பம். இந்தச் செபக்குழுவில் எனக்கு முன் சாட்சி சொன்ன நீங்கள் புற்றுநோயைச் சொன்னீர்கள், லாரி மோதியதைச் சொன்னீர்கள். உங்களுக்குப் பிறகு எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

என் பெயர் ஜெசிந்தா. வீடு திண்டிவனத்தில். விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். கணவர் ஆரோக்கியம் டிராக்டர் மெக்கானிக். ஏழு ஆண்டுகளாக வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துவந்தேன். ஈக்விவேரியண்ட் ஹோமோடோபி என்ற துறை. அதைக்கொண்டு மெய்யெண் சமன்பாடுகள் தரும் வடிவங்களின் மேல் உள்ள அல்ஜீப்ரயிக் சைக்கிள்களைப் படிப்பது என் தலைப்பு. கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு என் கணவர் பட்டறையில், "எங்க வீட்ல சைக்கிள் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கா" என்று சொல்லிவைத்தார். அதன்பிறகு தெருவில் மூன்று பேர் என்னிடம் கியர் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் பதில் சொன்னேன்.

தவறு என்னவென்று எளிதாகச் சொல்கிறேன். இரண்டு எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் மைனஸ் ஒன்று வர வேண்டும். நாம் அன்றாடம் புழங்கும் எண்களில் அப்படி ஒரு ஜோடி கிடையாது. வர்க்கம் மைனஸுக்குப் போகாதே. கலப்பெண்களுக்குப் போனால் எண்ணற்ற விடைகள் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும், கண்ணாடியில் தெரிவதுபோல, எதிர்ப்புறம் ஒரு துணைப்புள்ளி இருக்கும். கண்ணாடியின் மேலேயே இருக்கிற புள்ளிக்குத்தான் மெய்ப்புள்ளி என்று பெயர். அந்த விடைகளெல்லாம் சேர்ந்து ஒரு வளைவு. இந்த வளைவில் மெய்ப்புள்ளி ஒன்றுகூட இல்லை. என் நிறுவலின் முதல் வரியோ, "ஒரு மெய்ப்புள்ளியை எடுத்துக்கொள்வோம்" என்று தொடங்கியது.

இல்லாததை எங்கிருந்து எடுப்பது? பத்திரிகை என் கட்டுரையை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பியிருந்தது. அவர் அதைத்தான் கேட்டிருந்தார். ஒன்றரைப் பக்கம். பெயர் கிடையாது. இந்தத் துறையில் மதிப்பிடுபவர் யாரென்று எழுதியவருக்குச் சொல்லமாட்டார்கள்.

என் பதிவுக் காலத்தை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்திருந்தார்கள். ஜூன் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தேன். பட்டம் இல்லையென்றால் அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லை என்று கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள். சென்னையில் இருந்த என் நெறியாளருக்குத் தொலைபேசியில் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். "அவர் கேக்கிறது நியாயம்மா" என்றார்.

வீட்டில் கத்தினேன். "ஒளிஞ்சிக்கினு குத்தம் சொல்றான் பாருங்க. பேரு போடக்கூட தைரியம் இல்ல."

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவரு சொன்னது தப்பா?"

"தப்பில்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு அவர வையற?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

செபித்தேன். மாதாவிடம் போய், ஒரு புள்ளி கொடுங்கள் என்று கேட்டேன். இல்லாத புள்ளியைக் கடவுளும் கொடுக்க முடியாது என்பது கணக்கு படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே கேட்டேன். கிடைக்கவில்லை என்றதும் கடவுள் மேலும் கோபம் வந்தது. ஞாயிறு திருப்பலிக்குப் போவதை நிறுத்தினேன். தலைவலி என்று சொன்னேன்.

கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் கவிதா ஒரு வழி சொன்னார். "வேற பத்திரிகைக்கு அனுப்பிடுங்க ஜெசி. எல்லாரும் இவ்ளோ உன்னிப்பா பாக்கமாட்டாங்க. யாரு முதல் வரியப் போய் நோண்டப் போறாங்க?" அவர் என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார். நானும் கட்டுரையை அப்படியே, ஓட்டையோடு, இன்னொரு பத்திரிகைக்கு அனுப்பத் தயார் செய்து வைத்தேன். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

அன்று தவக்காலத்தின் முதல் நாள், சாம்பல் புதன். கணவர் விடாப்பிடியாகக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாம்பல் பூசிக்கொண்ட பிறகு, பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவுக்கு வரிசை நின்றது. நானும் நின்றேன். உள்ளே இருந்தவர் அப்போதுதான் வந்திருந்த உதவிப் பங்குத்தந்தை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். முகம் தெரியாத ஒருவரை ஐந்து வாரமாகத் திட்டுகிறேன் என்றேன். தவறு இருப்பது தெரிந்தும் கட்டுரையை அனுப்பப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"அனுப்பாதீங்க. அந்த ஆளுக்காக ஒன்பது நாள் செபிங்க" என்றார்.

"அவரு யாருன்னே தெரியாதுங்க ஃபாதர்."

"ஆண்டவருக்குத் தெரியும்ல. நல்ல புத்தி குடுன்னு கேக்காதீங்க. அவருக்கு என்ன வேணுமோ அதைக் கேளுங்க."

நல்ல புத்தி கொடு என்றுதான் நான் கேட்க நினைத்திருந்தேன். வேறு என்ன கேட்பது? காலையில் விழுப்புரம் பேருந்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு "அருள் நிறைந்த மரியே" செபத்தை மூன்று முறை சொல்வேன். முதல் மூன்று நாள் கடனுக்குச் சொன்னேன். நாலாம் நாள், அவருக்குப் பிள்ளை குட்டி இருக்குமா என்று யோசித்தேன். கூலி வாங்காமல் என் நாற்பது பக்கத்தையும் ஒருவர் வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பது ஐந்தாம் நாள்தான் உறைத்தது. என் நெறியாளர்கூட அந்த முதல் வரியில் நின்று யோசித்ததில்லை.

ஆறாம் நாள் வகுப்பு முடிந்ததும் தனலட்சுமி என்ற மாணவி என் மேசைக்கு வந்தாள். பிரம்மதேசத்திலிருந்து வருகிற பெண். கையில் நான் திருத்திக் கொடுத்த தேர்வுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"மேடம், என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். "இதையே எதிர்ப்பக்கத்திலிருந்தும் தொடங்கிப் பார்" என்று எழுதியிருந்தேன். அவளுடைய வழி முக்கால்வாசி சரி. எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினால் முடிந்துவிடும். அவளுக்கு உதவத்தான் அதை எழுதினேன்.

"கிண்டல் இல்லம்மா. நெசமாவே அப்படிப் போட்டுப் பாரு, வந்துடும்."

"நான் போட்டது எல்லாம் தலைகீழுன்னு சொல்றீங்கன்னு நெனைச்சிக்கினேன் மேடம்."

அவள் போனதும் கைப்பையிலிருந்து மதிப்பீட்டாளரின் அறிக்கையை எடுத்தேன். அதன் கடைசி வரி எனக்கு மனப்பாடம். அதை வைத்துத்தான் அவரை அதிகம் திட்டியிருந்தேன். "ஒரு புள்ளி இல்லாத இடத்தில் கட்டுரையாசிரியர் இரண்டை எடுத்துப் பார்க்கலாமே" என்பது அதன் பொருள். ஒன்றுக்கே வழியில்லாதவளிடம் இரண்டு எடுக்கச் சொல்லிக் கேலி செய்கிறார் என்றே இத்தனை வாரமாகப் படித்துவந்தேன்.

அன்றுதான் அதை அப்படியே படித்தேன். ஒரு புள்ளியும் கண்ணாடியில் தெரியும் அதன் துணையும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் இடம் மாறுகின்றன. இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்தால் அது மாறுவதில்லை. என் நிறுவலுக்குத் தேவை மாறாத ஏதோ ஒன்று. ஒன்று வந்த இடத்தில் இனி இரண்டு வரும். தேற்றம் கொஞ்சம் வலுவிழக்கும், ஆனால் நிற்கும். இந்தத் துறையில் நேற்று சேர்ந்தவருக்கும் தோன்றியிருக்க வேண்டிய யோசனை இது. எனக்குத் தோன்றவில்லை. கோபம் என் கண்ணை அப்படிக் கட்டிவைத்திருந்தது.

ஆசிரியர் அறையில் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். கவிதா பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

உடனே எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த "இரண்டு" கட்டுரை முழுக்க நுழைந்து நாலு துணைத்தேற்றங்களை உடைத்தது. தவக்காலம் முழுக்க அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டினேன். ஈஸ்டர் கழித்து அனுப்பினேன். எங்கள் துறையில் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். எனக்கு மூன்று வாரத்தில் வந்தது. "இப்போது சரியாக இருக்கிறது. இரண்டாம் பகுதி அழகாக உள்ளது." இரண்டே வரி. ஜூன் மாதம், கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்பு ஆய்வேட்டைக் கொடுத்தேன். கார்த்திகையில் வாய்மொழித் தேர்வு முடிந்தது. கணவர் பட்டறையை மூடிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் கடைசிவரை தூங்கவில்லை.

நான் கேட்ட புள்ளியை ஆண்டவர் தரவில்லை. வழியை என் கைப்பைக்குள்ளேயே வைத்துவிட்டு, நான் படிக்கும்வரை பொறுத்திருந்தார். அதைப் படிக்கவிடாமல் செய்தது என் கோபம்தான். அந்தக் கோபத்தை எடுக்க எனக்கு ஆறு நாள் செபம் தேவைப்பட்டது.

இப்போது தினமும் திருப்பலிக்குப் போகிறேன் என்று சொன்னால் பொய். முடிந்த நாளில் போகிறேன். மாணவர்கள் தாளில் குறிப்பு எழுதினால், அவர்களைக் கூப்பிட்டு வாயாலும் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் இன்னும் வருகிறது. வந்தால் அதையும் ஆண்டவரிடமே சொல்கிறேன். அவர் தாங்கிக்கொள்கிறார். உங்களுக்கும் யார் மேலாவது அப்படி இருந்தால், அந்த ஆளுடைய பெயரை, பெயர் தெரியாவிட்டால் "அந்த ஆள்" என்றே, ஆண்டவரிடம் ஒன்பது நாள் சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று நாள் கசக்கும். விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் அதே பத்திரிகை ஒரு கட்டுரையை மதிப்பிடச் சொல்லி எனக்கு அனுப்பியது. எழுதியவர் யாரோ புதியவர். பதினோராம் பக்கத்தில் ஒரு ஓட்டை. நான்கு நாள் யோசித்து, சரிசெய்ய ஒரு வழியும் சேர்த்து, முடிந்தவரை மென்மையாக எழுதி அனுப்பினேன். இந்நேரம் அவர் எந்த ஊரிலோ உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பார். இன்றைய செபத்தில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.