கூலிங்கா, நார்மலா?

எங்கள் வீட்டில் எல்லோரும் சரளமாகப் பேசிய ஒரே ஆங்கிலச் சொல் 'நார்மல்'. அதற்குக் காரணம் அப்பாவின் கடை. ஸ்ரீரங்கத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்தார். யார் தண்ணீர் பாட்டில் கேட்டாலும், "கூலிங்கா, நார்மலாங்க?" என்பார். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அந்த வெயிலிலும் தொண்டையைத் தடவிக்கொண்டு, "நார்மலே குடுங்க" என்பார்கள். ஆகவே, நார்மல் என்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதது என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

அம்மா உண்டாகியிருந்தபோது அந்தச் சொல் புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்தும் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. பிரஷர் நார்மல், சுகர் நார்மல், பிள்ளையின் எடை நார்மல். "பிரசவமும் நார்மலா ஆயிடும், பாருங்க" என்று மாடி வீட்டு அக்கா வேறு வாழ்த்திவிட்டுப் போனாள். அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

தம்பி பிறந்தான். ஆனால் அழவில்லை. பிறக்கும்போதே உயிர் இல்லை என்று பெரியம்மா சொன்னாள். தொட்டியத்திலிருந்து அவள் தைத்துக்கொண்டு வந்திருந்த குட்டிச் சட்டைகள் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. நர்ஸ் அப்பாவிடம் மெதுவாக, "நார்மல் டெலிவரிதாங்க. அவங்களுக்கு எல்லாம் நார்மலா இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றாள். பாவம், அவளும் வேறென்னதான் சொல்வாள்? அப்பா "சரிங்க" என்றார்.

விசாரிக்க வந்தவர்களும் "கொஞ்ச நாள்ல நார்மலாயிடுவா" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். அம்மா என்னைத் திட்ட வேண்டும், தலையில் சிக்கெடுக்கும்போது ஒரு குட்டு வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த நார்மல் அதுதான். அவளோ சுவரைப் பார்த்துப் படுத்தவள் திரும்பவே இல்லை. ரவிக்கையின் முன்பக்கம் அடிக்கடி நனைந்திருந்தது. தண்ணீரைக் கொட்டிக்கொள்கிறாள் என்று நினைத்து டம்ளரைத் தள்ளித் தள்ளி வைத்தேன். தம்பி போனதைவிட, அம்மாவும் போய்விட்டாளோ என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைச் சொல்ல அந்த வீட்டில் எனக்கு ஆளே இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு முழுக்க மல்லிகை வாசம். பெரியம்மா இலைப் பொட்டலத்தைப் பிரித்து, கை நிறையப் பூவை அள்ளிக்கொண்டு அம்மா இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பையை வீசிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

"அப்பா! அம்மா நார்மலாயிட்டாங்கப்பா! பூ வச்சிக்கிறாங்க!"

அப்பா யாருக்கோ எடுத்த பாட்டிலோடு அப்படியே நின்றார். "அண்ணே, பஸ் கெளம்புது" என்று அந்த ஆள் அவசரப்படுத்தினார். அப்பா காதில் வாங்கவில்லை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"நீ வீட்டுக்குப் போம்மா. போ" என்றார்.

இவ்வளவு நல்ல சேதி கொண்டுவந்தவளுக்கு ஒரு கடலை மிட்டாய்கூட இல்லையா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டில் வாசம் அப்படியே இருந்தது. அம்மாவின் தலையில் மட்டும் பூ இல்லை. எங்கே என்று கேட்டேன். பெரியம்மா என்னை விளையாடப் போகச் சொன்னாள்.

எனக்கு மகள் பிறந்து, பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல் கிடந்த ஒரு நாளில்தான் பெரியம்மா அதைச் சொன்னாள். குடிக்கப் பிள்ளை இல்லாதபோது மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்களாம். மெல்ல மெல்லப் பால் வற்றிவிடுமாம். நான் கடைக்கு ஓடிய அன்றைக்குக் காலையில் பூக்கடைக்குப் போய், உதிரி மல்லிகையாகப் பார்த்து வாங்கிவந்து பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போனவர் அப்பாதான்.