கேஷியரின் இடது கண்

கோமளம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தாள். விருப்ப ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மூன்று லட்சத்தையும் தி.நகரில் செங்கமலம் பைனான்ஸில் போட்டாள். யாரையும் கைநீட்டி அடித்தவள் இல்லை, குரலை உயர்த்திக்கூடப் பேசியதில்லை.

1998 ஜூனில் ஒரு திங்கட்கிழமை கம்பெனி ஷட்டர் திறக்கவில்லை. பதினோரு மணிக்குள் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள், அவர்களில் அவளும் ஒருத்தி. முதலாளி கணேசமூர்த்தி முந்தின நாளே ஓடிவிட்டார். பின்வாசல் வழியாக ஒருவர் கைப்பையோடு நழுவப் பார்த்தார். கேஷியர் பிரகாசம். சாந்தோமிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிறவர். மாதாமாதம் வட்டியை எண்ணிக் கோமளத்தின் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

"துட்ட தூக்கிகினு போறான்யா, புடிங்கடா!" என்று கத்தினார், தேனாம்பேட்டையில் டயர் கடை வைத்திருந்த பொன்னுரங்கம்.

பிரகாசத்தை உள்ளே இழுத்துப் போட்டார்கள். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. ஒருவர் பெல்ட்டைக் கழற்றி விளாசினார். இன்னொருவர் நாற்காலியைத் தூக்கி முதுகில் இறக்கினார். பை கிழிந்து டிபன் டப்பாவும் குடையும் கீழே விழுந்தன. வேறெதுவும் இல்லை. அதைப் பார்த்த பிறகும் யாரும் நிறுத்தவில்லை. கூட்டம் தள்ளியதில் கோமளம் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து, "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். மேசை மேலிருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டை எடுத்து முகத்தில் அடித்தாள். நெற்றியைக் குறிவைத்த அடி இடது கண்ணில் விழுந்தது.

அந்த ஒரு விநாடி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் பின்னாளில் அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த விநாடி பிரகாசம் அலறினார். அதற்குள் அவர் மேல் பத்துக் கால்கள் ஏறியிருந்தன. போலீஸ் வந்தபோது கோமளம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் ரத்தம்.

யார் அடித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றது போலீஸ். பிரகாசத்தை மோசடி வழக்கில் இரண்டாவது குற்றவாளியாகச் சேர்த்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து கணேசமூர்த்தி பெங்களூரில் பிடிபட்டார். கோர்ட் இருவருடைய சொத்தையும் முடக்கியது. முதலாளிக்கு மூன்று பங்களா, எட்டு பாங்குக் கணக்கு. பிரகாசத்துக்கு ஒரே ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.

ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டு மனுக்கள் வந்தன. பெரிய வக்கீலை அமர்த்த, முடக்கிய பணத்திலிருந்து பத்து லட்சம் விடுவிக்க வேண்டும் என்று கணேசமூர்த்தி கேட்டிருந்தார். பிரகாசம் கேட்டது தன் கணக்கிலிருந்து இருபதாயிரம். வக்கீலுக்கும் ஆபரேஷனுக்கும். சிதைந்த கண்ணை எடுக்காவிட்டால் நல்ல கண்ணும் போய்விடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

டெபாசிட்தாரர் சங்கம் இரண்டையும் எதிர்த்தது. ஆட்சேபனையை டைப் அடித்துக் கொடுத்தவள் கோமளம். மனுவோடு இணைத்திருந்த பிரகாசத்தின் பாஸ்புக் நகலையும் அப்போது பார்த்தாள்.

முதல் மனுவை நீதிபதி ஐந்து நிமிஷத்தில் தள்ளுபடி செய்தார். "இது யார் பணம் என்று முதலில் தெரியட்டும்" என்றார். இரண்டாவது மனு வந்தபோது சங்கத்தின் வக்கீல் எழுந்து, "ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். ஏமாந்தவங்களுக்கு முதல்ல கிடைக்கட்டும்" என்றார். பாதி முகத்தைக் கட்டு மறைக்க, பிரகாசம் கைதிக் கூண்டில் நின்றார். அவர் மனைவி லூயிசா சுவரோரம் இருந்தாள்.

கோமளம் எழுந்தாள். "அந்தக் கண்ணை அடிச்சது நான்தான்."

"உட்காருங்கம்மா!" என்று வக்கீல் பல்லைக் கடித்தார்.

"நீங்கள் சொல்வது உங்களுக்கே எதிராகத் திரும்பும், தெரியுமா?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியும் சார். பாஸ்புக்கைப் பாருங்கோ, எல்லாம் அவரோட சம்பளம். நானும் ஏமாந்தவதான், இல்லேங்கலை. ஆனா அவர் பணத்தை அவருக்குக் குடுத்துடுங்கோ."

இருபதாயிரத்தை ஆஸ்பத்திரிக்கும் வக்கீலுக்கும் நேரடியாகக் கட்ட உத்தரவானது.

வராந்தாவில் பொன்னுரங்கம் காத்திருந்தார். "எங்க வயித்துல அடிச்சிட்டு அவனுக்குப் பரிஞ்சிகினு வர்றியா?" என்று அவள் கொண்டையைப் பற்றி இழுத்து அறைந்தார். யாரோ முதுகில் எத்தினார்கள். படியில் முகம் மோதி முன்பல் உடைந்தது. வாயில் ரத்தத்தோடு நிமிர்ந்தபோது எதிரே லூயிசா நின்றிருந்தாள். தூக்கிவிடக் கை நீட்டவில்லை.

"ரெண்டு மாசம் வாய மூடிக்கிட்டு இருந்தீங்களேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே கோமளத்தின் ஜன்னலில் கல் விழுந்தது. மறுநாள் வாசல் கதவில் சாணி. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். திருவான்மியூரில் ஒற்றை அறை பார்த்துப் போனாள்.

பிரகாசத்தின் இடது கண்ணை எடுத்தார்கள், வலது கண் தப்பியது. சம்பளக்காரர் மட்டுமே என்று தெரிந்து அடுத்த வருஷம் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். கணேசமூர்த்திக்கு எதிராக மூன்று நாள் சாட்சி சொன்னார்.

கோமளத்தின் மேல் தனி வழக்கு நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தண்டனைக்கு முன்பு மாஜிஸ்திரேட் பிரகாசத்தின் கருத்தைக் கேட்டார்.

"இவங்க ஜெயிலுக்குப் போறதுல எனக்கு இன்னா வரப்போவுது சார்? நஷ்ட ஈடு குடுக்கட்டும். ஆனா மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க. நான் மன்னிக்கல."

அதை அப்படியே பதிவு செய்தார்கள். கோர்ட் கலையும்வரை சிறை, முப்பதாயிரம் நஷ்ட ஈடு. செங்கமலத்தில் போட்டதில் ஒரு பைசாவும் அப்போது திரும்பியிருக்கவில்லை. கோமளம் பிறகு தன் நாலு வளையலையும் விற்றுப் பணத்தைக் கட்டினாள். அன்று தண்டனைப்படி, கோர்ட் முடியும் சாயங்காலம்வரை பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது.