இருநூற்றுப் பதினான்காம் வரி

"உங்க மாமா வீட்டுல வெளியிலேர்ந்து வந்த அத்தை தங்கலாம். அதே வீட்டுல பிறந்த உங்கம்மா ஏன் தங்கக் கூடாது?" என்று பள்ளியில் ஒரு தோழி கேட்டாள்.

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். விரிப்புகளின் ஓரத்தில் வார்டு எண்ணைச் சிவப்பு நூலால் தைக்க வேண்டும். விரிப்பு வேறு வார்டுக்கு மாறினால் பழைய எண்ணைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைப்பாள்.

அம்மா பூர்வகுடிப் பெண். அந்த மக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பில், பதிவேட்டில் பெயர் இருப்பவர்கள் மட்டுமே இரவு தங்கலாம். வெளி ஆளைக் கட்டிக்கொண்ட பெண்ணின் பெயரைச் சட்டம் நீக்கிவிடும்; அவள் பிள்ளைகளுக்கும் பெயர் கிடையாது. வெளியில் பெண் எடுத்த ஆணுக்கு ஒன்றும் ஆகாது. அவன் மனைவிக்கும் பெயர் கிடைக்கும். அப்பா வெளி ஆள். அத்தையும் வெளி ஆள்தான். ஞாயிறுதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போகும் அம்மா, வெளி ஆட்கள் கிளம்பச் சொல்லி மாலை ஆறுக்குக் காவலாளி மணி அடித்ததும் செருப்பைத் தேடுவாள்.

"விருந்தாளி கிளம்பியாச்சா?" என்பாள் அத்தை.

"வீட்டுக்காரி துரத்துனா கிளம்பித்தானே ஆகணும், அண்ணி."

இருவரும் சிரிப்பார்கள். ஆனால் தெருமுனை வரை அம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மாமா நெஞ்சுவலியில் படுத்திருந்த ஞாயிறும் மணி அடித்தது. மறுநாளே அம்மா வக்கீலம்மா வீட்டுப் படி ஏறினாள்.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. கடைசியில் அரசு வக்கீல் ஒரே போடாகப் போட்டார்: இவர் பெயர் பதிவேட்டில் என்றுமே இருந்ததில்லை, வழக்குப் போடவே இவருக்கு உரிமை இல்லை. பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார்கள். அம்மா தன்னுடையது என்று சொன்ன இருநூற்றுப் பதினான்காம் வரியில் அத்தையின் பெயர் இருந்தது.

அம்மா கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. நூலைப் பிரிச்சாலும் ஊசி ஓட்டை போகாது."

நீதிபதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையசைத்தார். வக்கீலம்மா பக்கத்தைத் தூக்கினார். அத்தையின் பெயருக்கு அடியில் தாள் மெலிந்திருந்தது, பிளேடால் சுரண்டிய இடம். பேனா அழுத்திய தடத்தில் அம்மாவின் பெயர் இன்னும் கிடந்தது. எண்ணிக்கை கூடிவிடக் கூடாதென்று எழுத்தர் அதே வரியில் அத்தையை ஏற்றியிருக்கிறார்.

பின்வரிசையில் அத்தை எழுந்துவிட்டாள். "இத்தனை வருஷமா உன் இடத்துலயா உக்காந்திருந்தேன்?"

"இது கோர்ட்டு, அண்ணி. உக்காருங்க. கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, போதும்."

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சட்டப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஞாயிறு மணி அடித்ததும் அம்மாவின் கால் பழக்கதோஷத்தில் செருப்பைத் தேடியது. அத்தை அதை ஒளித்து வைத்திருந்தாள்.

நான் மட்டும் கிளம்பினேன். தீர்ப்பு பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்குத் தனி வழக்கு நடக்கிறது. தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா வாசலில் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

பெயர் இழந்த பெண் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். பழைய பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.