விமானம் கடந்து போகும் வரை

வைட்ஃபீல்ட் போகும் பஸ்ஸில் சில நாட்கள் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே விமானச் சத்தம் கேட்டால் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவார். அது முழுக்கத் தேய்ந்த பிறகுதான் மீதியைச் சொல்வார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். இடது புருவம் உலைச் சூட்டில் பொசுங்கிப் பாதிதான் இருந்தது. விமான எஞ்சினுக்கான இழைகள் பொதித்த புதுவகைப் பீங்கான் பாகங்களை உலையில் சுட்டு, உடையும் வரை திரும்பத் திரும்ப இழுத்துவிட்டுச் சோதிப்பது அவர் வேலை.

ஒருநாள் அந்தப் பழக்கத்துக்குக் காரணம் கேட்டேன்.

"இரும்புன்னா நீண்டு, வளைஞ்சு காட்டிக் கொடுத்துடும் மேடம். இந்தப் பீங்கான்ல விரிசல் கண்ணுக்கே தெரியாது. அது வழியா சூட்டுக் காத்து புகுந்து, உள்ள இருக்கிற இழைங்களை அரிச்சிடும். மேல பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். அதான், ஒவ்வொரு ஃப்ளைட்டும் நல்லபடியா கடந்து போற வரைக்கும் என் காது அங்கேயே இருக்கும்."

"என் பொண்ணு இன்னிக்கு சாயங்காலம் டெல்லியிலேருந்து ஃப்ளைட்ல வர்றா," என்றேன்.

"எந்த ஃப்ளைட்டு?" என்று சட்டென்று கேட்டார்.

சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு ஸ்டாப் போனது.

"அதுல நாங்க பண்றது எதுவும் கிடையாது, பயப்படாதீங்க," என்றார் கடைசியில்.

மகள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். ஆனாலும், அந்த இரண்டு ஸ்டாப்பும் அவர் பேச்சை நிறுத்தியிருந்தபோது மேலே எந்த விமானமும் போகவில்லை என்பது மறக்காததால், இப்போது விமானச் சத்தம் கேட்டால் நானும் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுகிறேன்.