பங்குனி வெயிலில் ஒரு செர்ரிப் பாட்டு

நேற்றுக் காலை ஒரு கோப்பு வந்தது. வசந்தகாலத்தையும் புதிய தொடக்கங்களையும் பற்றி ஜப்பானில் எல்லோரும் விரும்பிக் கேட்கும் பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி அறிமுகம். இப்போதெல்லாம் எனக்கு வரும் வேலை இப்படித்தான். கணினி மொழிபெயர்த்துத் தள்ளிவிடும். அது எங்கே சறுக்கியிருக்கிறது என்று பார்த்துத் தூக்கி நிறுத்துவது நான். சமையல் வேறு யாரோ செய்ய, உப்பு மட்டும் பார்த்துச் சொல்கிற உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி மாதம். காலையிலேயே மின்விசிறிக் காற்று சுட்டது. 'ரயில் நிலையத்தில் நண்பனை வழியனுப்பும் பாட்டு' என்று ஓர் இடத்தில் இருந்ததைச் சரிபார்க்கிற சாக்கில் அந்தப் பாட்டைப் போட்டேன். முதல் அடி முடிவதற்குள் மூக்கில் சூடான ரெக்சின் சீட்டும் மல்லிகைப் பூவும் டீசலும் கலந்த வாசனை வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸின் வாசனை அது.

ஒரகடம் பக்கம் கார்களுக்கு ஒயரிங் செய்துகொடுக்கும் ஒரு ஜப்பான் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். என் முதல் வேலை. அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. கல்யாண வீடுகளில் என்னை முன்னால் தள்ளி, "ஏதாவது ஜப்பான்ல பேசிக் காட்டு மா" என்பார். நானும் ஊறுகாய் நன்றாக இருக்கிறது என்பதை ஜப்பான் மொழியில் சொல்லிவிட்டு வருவேன். கம்பெனியில் எனக்கு 'டிரான்ஸ்லேட்டர் மேடம்' என்று பெயர். காஞ்சிபுரத்தில் கிளம்பி ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் போகும் பஸ்ஸில் மட்டும் அந்த மேடத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். அங்கே ராஜ்ஜியம் தேவகி அக்காவுடையது.

தேவகி அக்கா சின்ன காஞ்சிபுரத்தில் ஏறுவார். முப்பதைத் தாண்டியவர். புருஷன் இல்லை, ஒரு பையன் பள்ளிக்கூடத்தில். ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துச் சுற்றும் பிரிவில் காண்டிராக்ட் வேலை. பஸ் ஐயம்பேட்டையைத் தாண்டுவதற்குள் பாட ஆரம்பித்துவிடுவார். அம்மன் பாட்டோ சினிமாப் பாட்டோ, எதுவானாலும் தொண்டையை முழுசாகத் திறந்துதான் பாடுவார். டிரைவரே ரேடியோவை அணைத்துவிடுவார்.

அந்த வருஷம் மார்ச்சோடு எங்கள் ஜப்பானிய மேலாளர் மொரிதா ஊருக்குத் திரும்புகிறார் என்று தெரிந்தது. அதிகம் பேசாத மனிதர். காலையில் வேலை நடக்கும் லைனுக்கு வந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கும்பிடுவார். தேவகி என்பது அவர் வாயில் 'தேபாகி' ஆகிவிடும். வழியனுப்பு விழாவில் ஒரு ஜப்பான் பாட்டுப் பாட ஏற்பாடு செய்யச் சொல்லி என்னிடம் விட்டார்கள். என் குரல் பஸ் ஹார்னுக்குத் தங்கச்சி. எனவே தேவகி அக்காவைப் பிடித்தேன்.

இந்த வசந்தப் பாட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம். செர்ரிப் பூ கொட்டும், யாராவது ஊரை விட்டுப் போவார்கள், ரயில் கிளம்பும். அங்கே மார்ச்சில் பள்ளி முடிந்து ஏப்ரலில் புது வேலை, புது ஊர் என்று எல்லாம் தொடங்குவதால் அழுகையும் ஆரம்பமும் சேர்ந்தே வரும். நமக்கு அதே நாட்களில் வேப்பம்பூ கொட்டும். கூட்டி அள்ளி ரசத்துக்குக் காயவைப்போம். அதைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் அழுததில்லை.

அந்த ரயில் நிலையப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை கேட்டதுமே மெட்டு அவருக்கு வந்துவிட்டது. வார்த்தைகள்தான் வழிக்கு வரவில்லை. வசந்தத்துக்கு ஜப்பானில் 'ஹரு'. அவர் 'அரு' என்பார். விட்டுவிட்டேன்.

"இன்னா மா அர்த்தம் இதுக்கு? தெரியாம பாடினா நல்லாவா இருக்குது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஃப்ரெண்டு ஊர விட்டுப் போறான்க்கா. ஸ்டேஷன்ல நின்னுக்கினு இருக்காங்க. இவ மனசுல ஒண்ணு இருக்குது, சொல்லணும்னு நினைக்கிறா. அதுக்குள்ள ரயில் கிளம்பிடுது. பூ கொட்டுது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அட இன்னா மா! சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? பூவ வேடிக்கை பாத்துக்கினு நின்னாளாமா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. பிறகு எல்லோரும் கூடவே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வாலாஜாபாத் டீக்கடைக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது.

விழா கேண்டீனில் நடந்தது. எச்.ஆர். அதிகாரி மொரிதாவுக்குச் சால்வை போர்த்தினார். தேவகி அக்கா ஊதாப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். கையில் தாள் இல்லை. ஜப்பானியர்கள் அந்தப் பாட்டை மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு பாடுவார்கள். இவர் சாமி புறப்பாட்டுக்குப் பாடுகிற மாதிரி எடுத்தார். தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட ஈரக் கையோடு வந்து நின்றார்கள். மொரிதா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியும் அக்கா மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"சாரு, நீங்க போறீங்க. எனக்கும் இன்னியோட கடைசி. காலையிலதான் கூப்ட்டு சொன்னாங்க, காண்டிராக்டு முடிஞ்சிருச்சு, நாளைக்கு வராதேன்னு. எங்க லைன்ல பாதிப் பேருக்கு அப்படித்தான். எதுக்குன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. உங்களாண்ட சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "சொல்லு மா அவர்கிட்ட."

எச்.ஆர். அதிகாரி எனக்குக் கண்ணைக் காட்டினார். அந்த ஜாடைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆனாலும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவ்வளவு நல்ல ஜப்பான் மொழி நான் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை.

மொரிதா எழுந்தார். அதிகாரியிடம் ஏன் என்று கேட்டார். "அது காண்டிராக்டர் விஷயம்" என்று பதில் வந்தது. தலைமை அலுவலகத்துக்கு அங்கேயே போன் போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகத்திலேயே தெரிந்துவிட்டது. இடுப்பு வரை குனிந்து தேவகி அக்காவை வணங்கினார். "என்னால் முடியவில்லை என்று சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். அக்கா பதறிப்போனார். "ஐயோ, இன்னா சார் இது, நிமிருங்க" என்று அவர் தோளைத் தொட்டு நிமிர்த்தினார்.

அன்று சாயங்காலம் எங்கள் பஸ் கிளம்பும்வரை மொரிதா வாசலில் நின்றிருந்தார். அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்.

ஏப்ரலில் புது மேலாளர் வந்தார், புதுப் பெண்கள் வந்தார்கள். என்னையும் அடுத்த வருஷம் அனுப்பிவிட்டார்கள். எச்.ஆர். அதிகாரிக்கு ஞாபகசக்தி அதிகம்.

பல வருஷம் கழித்து ஓரிக்கை போகும் ஷேர் ஆட்டோவில் தேவகி அக்காவைப் பார்த்தேன். வேறொரு கம்பெனியின் நீலக் கோட்டுப் போட்டிருந்தார். நரைத்திருந்தார். செல்போன், கண்ணாடி, பிஸ்கட் என்று எல்லாக் கம்பெனியும் பார்த்துவிட்டாராம். பாட்டு நினைவிருக்கிறதா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க மா, மெட்டு கூட போயிடுச்சு. எங்க போனாலும் வருசம் முடிய வெளியில அனுப்பறான், மறுபடியும் புதுசா சேருன்றான். புது கார்டு, புது கோட்டு, புது சூப்பர்வைசரு. புதுசா சேந்து சேந்தே எனக்கு வயசாயிப் போச்சு."

இறங்கும்போது கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனி பஸ் காஞ்சிபுரத்துக்கு வருவதை நிறுத்திவிட்டது. இப்போது வெளிமாநிலத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கம்பெனிக்குப் பக்கத்திலேயே தங்கவைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் என்ற வேலையும் அங்கே இல்லை, போனே பேசிவிடுகிறதாம். நேற்றுச் சாயங்காலம் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போய் விசாரித்தேன். தேவகி அக்கா குடியிருந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். மகனோடு ஓசூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள். நன்றாகப் பாடுவாரே என்றேன்.

"அப்படியா? அவங்க பாடி நாங்க கேட்டதே இல்லயே" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.