கொட்டாவியில் எழுந்த கை

முடிதிருத்துபவரின், பக்கவாதத்தில் விளங்காமல் போன வலது கை, கொட்டாவி விடும்போது மட்டும் தானாக எழுகிறதாம், ஆள் நடிக்கிறாராம். நலம் விசாரிக்க வந்துபோன வாடிக்கையாளர் ஒருவர் கடையில் அவிழ்த்துவிட்ட கதை அது. கடையைக் கவனிக்கும் மைத்துனன் அதைக் கேட்டுவிட்டு மூச்சிரைக்க அக்காவிடம் வந்தான்.

"மாமா வாயைத் தொறந்தா கை தோள் வரைக்கும் போகுதாம். கடையே சிரிக்குதுக்கா."

"ஏழு வாரமா சோறு ஊட்டுறவளுக்குத் தெரியாதது, முடிவெட்ட வந்தவனுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்."

தம்பி குரலைத் தணித்தான். கடையின் ஜன்னலோர நாற்காலியை வேறொரு முடிதிருத்துபவர் கேட்கிறார். இருபத்திரண்டு வருடமாக மாமா நின்று வெட்டிய இடம். "மறுபடி கத்திரி பிடிப்பாரா, மாட்டாரா? அஞ்சு மணிக்குப் போன் பண்றேன். ஒரு முடிவு சொல்லுங்க."

அவன் போனதும் அவள் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, வேண்டுமென்றே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். அது அவரையும் தொற்றியது. மடியில் கிடந்த கை மெல்ல எழுந்து, நெஞ்சருகே நின்று, தொப்பென்று விழுந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப நடிப்புதானா?"

"நான் தூக்கலடி. தூக்குன்னா கேக்கமாட்டேங்குது, கொட்டாவி வந்தா சல்யூட் அடிக்குது."

நாலு மணிக்குப் பிசியோதெரபி பெண் வந்தாள். அவளும் கொட்டாவி விட்டுப் பார்த்தாள், கை எழுந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"நடிப்பு இல்லக்கா. மூளையோட மேல் பகுதியிலேர்ந்து கைக்கு உத்தரவு போற பாதையிலதான் அடி. கொட்டாவி மூளையோட அடித்தண்டுலேர்ந்து வேற வழியா வருது. நரம்பும் தசையும் உயிரோடதான் இருக்கு. குணமாகும்னு இதை வச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பழகின வேலையைக் குடுத்துக்கிட்டே இருங்க. மூளை புதுப்பாதை தேடும்."

அவள் படியிறங்குவதற்குள் கத்திரி வந்துவிட்டது. மனைவி அவர் விரல்களை ஒவ்வொன்றாக வளையத்துக்குள் நுழைத்தாள். அவர் கட்டைவிரலையே முறைத்தார். நெற்றி வியர்த்தது. அரை மணி நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, கிளிக்.

அவள் அவர் வாயைப் பார்த்தாள்.

"இப்பக் கொட்டாவி விட்டீங்களா?"

"வாயே தொறக்கலடி."

மறுபடி, கிளிக். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. கத்திரியை உருவி எடுத்து முத்தமிட்டாள்.

மேசைமேல் போன் அலறியது. மணி ஐந்து. அவள் பாய்ந்தாள்.

"தொடாதே. நான் எடுக்கறேன்."

வலது கை மேசை விளிம்பில் ஏறி, விரல் விரலாக ஊர்ந்தது. இன்னும் ஒரு சாண். போன் அடித்துக்கொண்டே இருந்தது.