காட்டுவாத்து வரும் வாரம்

மொன்றியலில் என் தங்கையின் மகள் சுதா வேலை செய்யும் பல்கலைக்கழகப் பீடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பூர்வகுடி மாணவர்களுக்குத் துணை நிற்பதுதான் அவளுடைய வேலை. அவர்களுக்கென்றே இங்கே சமைக்க ஒரு குசினியும், ஊரிலிருந்து வரும் இறைச்சியை வைக்கப் பெரிய பிரீசரும் இருக்கின்றன.

எதிரே தாதியர் படிப்புப் படிக்கும் கிரீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண் ஒருத்தி நகத்தைக் கடித்தபடி இருக்கிறாள். பனி உருகும்போது அவர்களுடைய வடக்கு ஊருக்குக் காட்டுவாத்துகள் வரும். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டு எல்லோரும் வேட்டைக்குப் போவார்களாம். இந்த முறை தகப்பன் கால் முறிந்து கிடக்கிறார். இவள் போகாவிட்டால் வீட்டுக்கு இறைச்சி இல்லை. போனால் அதே வாரம் வரும் சோதனையை எழுத முடியாது.

சோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க, பீடத்துக்குப் பொறுப்பான பீடாதிபதியின் அறைக்குள் போன சுதா வெளியே வந்து அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறாள். பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

"என்ன பிள்ளை, மாட்டம் எண்டிட்டினமோ?"

"இல்லை மாமா. வேட்டை முடிஞ்சு வந்து எழுதட்டாம்."

சட்டம் பேசாமல் வழிவிட்ட அந்தப் பெரியவர்களை நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து எதையோ கேட்கிறாள்.

"உங்களுக்கும் ஒரு வாத்துக் கொண்டு வரட்டோவாம்," என்கிறாள் சுதா.

"நான் சைவமெண்டு சொல்லு."

சுதா சொன்னதும் அந்தப் பெண் சிரிக்கிறாள்.

"அப்ப நீங்கள் வாத்து வரவேணுமெண்டாவது கும்பிடட்டாம் மாமா. அங்கை பனி இன்னும் உருகேல்லையாம். வாத்து பிந்தி வந்தால் வெறுங்கையோடைதான் திரும்பவேணும்."

ஓர் உயிரைக் கொல்வதற்காக நான் முருகனிடம் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. கண்ணை மூடிக் கைகூப்புகிறேன்.